பெர்கர் தின்று இளைக்க முடியுமா?

முடியும். கேள்விக்கு நேரான பதில் அதுதான். மூன்று வேளையும் துரித உணவுக் கடையிலேயே சாப்பிட்டு எடையைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளும் உண்மையானவைதான். இப்படியொரு செய்தி மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒருவரின் கைப்பேசிக்கு வந்து சேரும்போது, "எல்லாம் ஏமாற்று" என்று ஒதுக்குவதில் பயனில்லை. அந்தச் சோதனைகள் எதைக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன, நம் உடம்புக்கும் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் சிஸ்னா என்ற அறிவியல் ஆசிரியர் 2013-இல் 90 நாள் மெக்டோனல்ட்ஸ் உணவை மட்டுமே சாப்பிட்டார். எந்த வேளைக்கு எது என்ற பட்டியலை அவருடைய மாணவர்களே போட்டுக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 2,000 கலோரி, அதற்கு மேல் இல்லை. தினமும் 45 நிமிடம் நடந்தார். தொடக்கத்தில் ஏறக்குறைய 127 கிலோ இருந்தவர், 90 நாள் கழித்து 17 கிலோ குறைந்திருந்தார். இரத்தக் கொழுப்பு 249-இலிருந்து 170-க்கு இறங்கியிருந்தது. உணவை அவ்வூர்க் கடைக்காரரே இலவசமாகக் கொடுத்தார். பின்னாளில் அந்த நிறுவனம் சிஸ்னாவைத் தன் தூதராகவும் வைத்துக்கொண்டது. சோதனையை எடைபோடும்போது இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2010-இல், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் இன்னும் ஒரு படி மேலே போனார். பத்து வாரத்துக்கு அவருடைய சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு க்ரீம் அடைத்த கேக், பிஸ்கட், சிப்ஸ்தான். மீதிக்குக் கொஞ்சம் காய்கறி, புரத பானம், ஒரு சத்து மாத்திரை. மொத்தம் 1,800 கலோரிக்குள் நின்றுகொண்டார். 12 கிலோ குறைந்தது. கெட்ட கொழுப்பு 20 விழுக்காடு இறங்கியது, நல்ல கொழுப்பு 20 விழுக்காடு ஏறியது. இதை உணவு முறையாகப் பரிந்துரைக்க அவர் முன்வரவில்லை. எடையை முடிவு செய்வது உள்ளே போகும் கலோரிக்கும் வெளியே செலவாகும் கலோரிக்கும் இடையிலான கணக்குதான் என்பதைத் தம் வகுப்புக்கு நிறுவிக் காட்ட விரும்பினார். நிறுவியும் காட்டினார்.

இந்த இரு சோதனைகளிலும் வேலை செய்தது பெர்கரும் கேக்கும் அல்ல, எண்ணிக்கை. பெரிய துரித உணவு நிறுவனத்தின் பெர்கர் அலோர் ஸ்டாரில் வாங்கினாலும் கூலிமில் வாங்கினாலும் ஒரே அளவு, ஒரே எடை. அதற்குள் எத்தனை கலோரி என்பதை நிறுவனமே வெளியிடுகிறது. ஒரு மனிதர் தாம் உண்பதைத் துல்லியமாக அறிந்து, ஒரு கோட்டில் நிறுத்திக்கொள்ள அது வழி செய்கிறது. துரித உணவு முறையின் நிறை என்று சொன்னால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது சிறிய நிறை இல்லை. ஏன் என்று தெரிய, நம் பசியாறலைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம்.

ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்கான மாவு உருண்டைகள் மார்ஜரினோ எண்ணெயோ பூசப்பட்டு முதல்நாள் இரவே ஊறுகின்றன. காலையில் ஒவ்வோர் உருண்டையையும் தட்டி, வீசி, விரித்து, மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய் தெளித்து, மடித்துக் கல்லில் போடுகிறார்கள். அடுக்கடுக்காகப் பிரிந்து வருவதே அந்தக் கொழுப்பால்தான். ஒரு ரொட்டி சுமார் 300 கலோரி. இரண்டு சாப்பிடாமல் யாரும் எழுவதில்லை. பக்கத்தில் தே தாரிக். கோப்பையின் அடியில் முதலில் விழுவது கெட்டிப்பால். பல கடைகளில் அது உண்மையான கெட்டிப்பால்கூட இல்லை, செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்ந்த இனிப்பு க்ரீமர். குவியலாக ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் 60 கலோரிக்கு மேல். இரண்டு, மூன்று கரண்டி போட்டுத்தான் கலக்குகிறார்கள். ஆக இரண்டு ரொட்டியும் ஒரு தே தாரிக்கும் ஏறக்குறைய 800 கலோரி. பருப்புக் கறியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு மீன் பெர்கரும் சீனி போடாத கோப்பியும் 350-ஐத் தாண்டாது.

நம் சாப்பாடு நல்லது, வெள்ளைக்காரன் சாப்பாடு கெட்டது என்று பேசுவது நமக்கு எளிது. கலோரி என்ற ஒரே அளவுகோலை வைத்தால் அந்தப் பேச்சு நிற்காது. மாமாக் கடை மீ கோரெங் ஒரு தட்டு 600-க்கு மேல் போகும். துரித உணவு என்பது கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடைக்குள் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதே வேகத்தில் அதைவிட அதிகக் கொழுப்பில் கிடைப்பதைப் "பசியாறல்" என்று விட்டுவிடுகிறோம். எடை குறைக்க வந்தவர் முதலில் விட்டொழிக்க வேண்டிய பழக்கம் இந்தக் கண்மூடல்தான்.

சரி, அப்படியானால் சிஸ்னாவின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? 40 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 62 கிலோ, பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் மின்னணு ஆலை வேலை. ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே அவர் உடம்பு நாளுக்கு 1,200 கலோரி அளவில் எரிக்கும். வேலை, வீடு எல்லாம் சேர்த்து 1,800. சிஸ்னா 127 கிலோ மனிதர். அவருக்கு 3,000-க்கு மேல் தேவைப்பட்டது. அதனால் 2,000 கலோரி அவரை இளைக்க வைத்தது. அதே 2,000 நம் சுங்கைப்பட்டாணிப் பெண்ணைக் குண்டாக்கும். ஒரே பட்டியல், இரண்டு எதிர்விளைவுகள். காணொளியில் இளைத்துக் காட்டுகிறவரின் உயரத்தையும் எடையையும் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பெண் இளைக்க வேண்டுமென்றால் 1,300 கலோரிக்குள் நிற்க வேண்டும். காலையில் முட்டை வைத்த ஒரு ரொட்டி, மதியம் மீன் பெர்கர், இரவு ஒரு துண்டு பொரித்த கோழியும் கொஞ்சம் மசித்த உருளைக்கிழங்கும். பானம் வெறும் தண்ணீர். 1,000-இலிருந்து 1,100-க்குள் முடிந்துவிடும். எடை குறையத்தான் செய்யும். ஆனால் நார்ச்சத்து 10 கிராமைத் தொடாது. மலேசியப் பரிந்துரை 20 முதல் 30 கிராம். சோடியமோ உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 2,000 மில்லிகிராம் எல்லையைத் தொட்டுக்கொண்டோ தாண்டிக்கொண்டோ நிற்கும். இன்னொன்று, அமெரிக்கப் பட்டியல்களில் இரும்புச்சத்தின் பெரும்பங்கு மாட்டிறைச்சி வழியே வருகிறது. நம் வீடுகளில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கோழியும் மீனும் வைத்த பெர்கரில் இரும்பு குறைவு. மாதவிலக்கு வரும் வயதில் உள்ள ஒரு பெண், மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டு ஆறு கிலோ இளைத்து, கூடவே இரத்தச்சோகையையும் வாங்கிக்கொள்ள முடியும். தராசு முதல் செய்தியைத்தான் சொல்லும்.

கலோரி ஒன்றாக இருந்தாலும் உணவு ஒன்றாகாது என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் மலேசியாவில்தான் நடந்தது. அதில் தமிழர்களின் சோற்றுக்கும் பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் நின்று சாவார்கள். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தனர். தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. இரு சாராரும் ஏழைகள், இரு சாராருக்கும் சோறுதான் உணவு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார்: சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். 1905-இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றுதான். பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் யாரும் அந்நோயால் இறக்கவில்லை. பின்பு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆராய்ந்து, நோயைத் தடுக்கும் பொருள் தீட்டும்போது கழியும் தவிட்டில் இருப்பதைக் காட்டினார்கள். இன்று அதைத் தயமின் என்கிறோம், பி1 உயிர்ச்சத்து. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

இரு அரிசிக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே. எடை மட்டும் பார்த்திருந்தால் ஃபிளெட்சருக்கு எதுவும் புலப்பட்டிருக்காது. ஆலை என்ன எடுத்துவிட்டது என்று கேட்டதால்தான் புலப்பட்டது.

அந்தக் கேள்வியை இன்றைய உணவிடம் கேட்டவர் அப்போது அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் இருந்த கெவின் ஹால். 2019-இல் வெளியான அவருடைய ஆய்வில் 20 பேர் நான்கு வாரம் ஆய்வகத்திலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த இயல்பான உணவு. தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவின்போது அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறினார்கள். இயல்பான உணவின்போது 0.9 கிலோ இறங்கினார்கள். பதப்படுத்திய உணவை வேகமாகத் தின்றார்கள் என்பதும் அளவிடப்பட்டது. மென்மையான ரொட்டியும் அரைத்த இறைச்சியும் பல்லுக்கு வேலை வைப்பதில்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் செய்தி போவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

சிஸ்னாவுக்கும் ஹாப்புக்கும் கிடைத்த வெற்றியின் மறுபக்கம் இது. சிஸ்னாவுக்கு மாணவர்கள் பட்டியல் போட்டார்கள், ஊரே கவனித்தது, அவர் கோட்டைத் தாண்டவில்லை. கண்காணிப்பை எடுத்துவிட்டால் அதே உணவு மனிதரைக் கோட்டுக்கு அப்பால் இழுத்துச் செல்கிறது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 18 பேரை நான்கு வாரம் துரித உணவால் இருமடங்கு கலோரி எடுக்க வைத்தார்கள். சராசரியாக 6.4 கிலோ ஏறினார்கள். ஏஎல்டி எனப்படும் கல்லீரல் நொதியின் சராசரி 22-இலிருந்து 97 வரை எகிறியது. முதல் வாரத்திலேயே ஏற்றம் தொடங்கிவிட்டது. அவர்கள் நலமான, ஒல்லியான இளைஞர்கள்.

இனி நம் உடம்புக்கு வருவோம். துரித உணவைப் பற்றிய எந்த முடிவும் இங்கே வந்து நின்றுதான் ஆக வேண்டும்.

பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரைக்குள் இறங்கி, ஆளுக்கு ஏறக்குறைய 500 பால்மரங்களை வெட்டினார்கள். ஒவ்வொரு மரத்திடமும் குனிவது, நிமிர்வது, சுற்றுவது. பிறகு மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஸ்டோர் வரை நடை. ஆறேழு மணி நேரம் இந்த வேலை செய்கிறவருக்கும், அதே நேரம் ஆலையில் உட்கார்ந்து சிறு பாகங்களைப் பொருத்துகிறவருக்கும் செலவாகும் சக்தியில் 500 முதல் 700 கலோரி வரை வேறுபாடு வரும் என்று கணக்கிடலாம். வெட்டுக்காட்டுக்குப் போனவருக்குத் தட்டு நிறையச் சோறு எரிபொருள். கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய குடும்பம், ஒரே தலைமுறையில் அந்த 500 கலோரி வேலையை இழந்தது. தட்டு சிறுக்கவில்லை. கூடவே இனிப்புப் பானமும் சேர்ந்துகொண்டது.

விளைவு எண்களில் தெரிகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு உழைப்புக் குறைந்தது மட்டும் காரணமில்லை. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, ஒரு புள்ளி வேறுபாடில்லை. உடலில் உள்ள கொழுப்பை அளந்தால் யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர் ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைவாகவும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு அதிகமாகவும் இருக்கக்கூடும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-இலேயே கவனம் தேவை என்றும், 27.5-இல் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. இடுப்புச் சுற்றளவுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். வேகமாக, போதிய புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் எடை குறைக்கும்போது, குறையும் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை கொழுப்பல்லாத உடல்நிறை போய்விடும். அதில் தசையும் அடக்கம். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பகுதி தண்ணீர்: தசையும் கல்லீரலும் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது; சேமிப்பு கரையும்போது நீரும் போகிறது. ஏற்கெனவே தசை குறைந்த ஒருவர் பெர்கர் பட்டியலில் எட்டுக் கிலோ இளைத்து, பழையபடி சாப்பிட்டு எட்டுக் கிலோ ஏறினால், போனது தசையும் கொழுப்பும், திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு. தராசு பழைய எண்ணைக் காட்டும். உடம்பு பழைய உடம்பாக இருக்காது.

திரும்ப ஏறுவது மனத்திட்பக் குறை என்று யாரையும் பழிக்க வேண்டாம். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து, ஓராண்டு கழித்து இரத்தத்தைப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. இழந்த எடையை மீட்க உடம்பு ஓராண்டுக்குப் பிறகும் போராடிக்கொண்டிருந்தது. "இவளுக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று சொல்கிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும்.

வேகமாக எடை குறைப்பது என்றாலே தீது என்றும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் சத்துப்பானம் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே நின்றது. கிளாஸ்கோவில் தெற்காசியர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்விலும் ஏறக்குறைய அதே விகிதம் கிடைத்தது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியரிடம் பலித்தது நம்மிடமும் பலிக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு இந்த முடிவு பெரும் நம்பிக்கை தருகிறது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள்: பானத்தில் எல்லா உயிர்ச்சத்தும் கனிமமும் கணக்காகச் சேர்த்திருந்தது; முதல்நாளே நீரிழிவு மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தினார்; பானம் முடிந்தபின் சோறு, ரொட்டிக்குப் படிப்படியாகத் திரும்பப் பயிற்றுவித்தார்கள்; இரண்டாண்டு தொடர்ந்து பார்த்தார்கள்.

நம் பட்டணங்களில் கிடைக்கும் "இளைப்புக் கோப்பி" அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இத்தகைய பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதைக் கண்டு மீண்டும் மீண்டும் எச்சரித்து வருகிறது. சிபுட்ராமின் ஒருகாலத்தில் மருந்தாகவே விற்றது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுகிறது என்று பெரிய ஆய்வொன்று காட்டியபின் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. பசி எடுக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் அது கோப்பியின் வேலையில்லை. பதிவான மருந்துப் பொருளில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். அவை இல்லாமல் "மருந்துபோல் வேலை செய்யும்" என்று விற்பதை வாங்காதீர்கள். தெரிந்தவர், உறவுக்காரர் விற்றாலும் வாங்காதீர்கள்.

இனி அன்றாடம் குடிக்கும் பானத்துக்கு வருவோம். வாசலில் என்ன விற்கிறதோ அதைத்தான் மக்கள் குடிப்பார்கள் என்பதைக் கெடாத் தோட்டத் தமிழர்கள் எப்போதோ கண்டுகொண்டவர்கள். 1946-இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கிளர்ந்தது. அடுத்த ஆண்டு பீடோங்கில் போலீசாரோடு மோதலும் உயிரிழப்பும் நேர்ந்தன. குடிக்கிறவனைத் திட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. கடையை எடு என்றார்கள். இன்று கள்ளின் இடத்தில் சீனிப் பானம் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பிறகு வரி உயர்ந்தது. ஒட்டுக்கடையில் கலக்கும் தே தாரிக்குக்கும் மைலோவுக்கும் அந்த வரி கிடையாது. துரித உணவுக் கடையின் செட்டில் வரும் குளிர்பானத்தை விட்டுவிட்டு பெர்கரை மட்டும் வாங்கினால் 150 முதல் 200 கலோரி மிச்சம். எடை குறைத்த பலரைக் கேட்டால், அவர்கள் உணவு முறையில் உண்மையில் வேலை செய்தது இந்த ஒன்றாகவே இருக்கும்.

பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு ஆலைப் பேருந்தில் இறங்குகிறவரிடம் "வீட்டில் சமைத்துச் சாப்பிடு" என்பது அறிவுரையாகாது. அவருக்கு எது திறந்திருக்கிறதோ அதுதான் சாப்பாடு. ஆகவே கடையிலேயே எதைக் கேட்பது என்று பார்ப்போம். ரொட்டி சானாய் இரண்டுக்குப் பதில் தோசை இரண்டும் சாம்பாரும், கூட ஓர் அவித்த முட்டையும் கேட்டால் கலோரியும் குறையும், பருப்பும் முட்டையும் புரதம் தரும். தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். அது கசக்கிறது என்றால் இரண்டு வாரம் "குராங் மானிஸ்" (சீனி குறைவாக) என்று சொல்லிப் பழகி, பிறகு மாறலாம். பெர்கர்தான் வேண்டும் என்ற நாளில் கோழியோ மீனோ வைத்தது ஒன்று, பொரித்த உருளை வேண்டாம், குளிர்பானம் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கொய்யாவும். நார்ச்சத்துக் கணக்கு அங்கேயே பாதி நேராகிவிடும். வாரம் இரண்டு முறை இப்படிச் சாப்பிடுகிறவரைப் பார்த்து நான் கவலைப்பட மாட்டேன். வாரம் இருபத்தொரு வேளையும் இதையே சாப்பிட்டு இளைக்கப் போகிறேன் என்பவரைப் பார்த்துக் கவலைப்படுவேன். இரவு ஷிப்டில் நள்ளிரவுச் சாப்பாட்டைச் சிறிதாக வைத்துக்கொள்வதும் நல்லது; இராத்திரியில் அதே சோற்றுக்கு இரத்தச் சர்க்கரை பகலைவிட அதிகமாக ஏறுகிறது.

தராசோடு ஓர் அளவு நாடாவையும் வாங்கிக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே, விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். மாதம் ஒரு முறை போதும். எடை இறங்காமல் இடுப்பு இறங்கினால் உணவு முறை சரியாகப் போகிறது. எடை இறங்கி இடுப்பு அப்படியே இருந்தால் தசை கரைந்துகொண்டிருக்கக்கூடும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். தூக்கத்தில் நேர்ந்தால் யாருக்கும் தெரியாமலே போகும். அதனால் எந்த உணவு முறையைத் தொடங்குமுன்னும் கிளினிக் கெசிஹாத்தானில் உங்கள் மாத்திரைப் பையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, "நாளையிலிருந்து இவ்வளவுதான் சாப்பிடப் போகிறேன், இதில் எதைக் குறைக்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை அளவுகளை எழுதி வைத்திருக்கும் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்தால்தான் எந்த வேளை மாத்திரையைக் குறைப்பது என்று அவரால் சொல்ல முடியும்.